வடக்கே ஒரு மந்தை, தெற்கே ஒரு பிணம்

டெக்ஸஸ் மாநிலத்தின் சான் மார்கோஸ் நகரில் உள்ள டெக்ஸஸ் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தின் ஏழாவது தளத்தில், துணியால் இறுகச் சுற்றிக் கட்டப்பட்ட ஒரு மனித உடல் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது உண்மையான உடல் அன்று. 1988இல் நடந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்ட பொம்மை. அருகே அந்தத் தொடரில் நடிகர்கள் அணிந்த உடைகளும் வேறு சில பொருட்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே வருபவர்கள் அதிக நேரம் நிற்பது இந்தப் பொதியின் முன்னால்தான். நானும் நின்றேன். பொம்மை என்று தெரிந்தும், சாவு வீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதைச் சற்று நேரம் கழித்தே உணர்ந்தேன்.

அந்தத் தொடரின் பெயர் ‘லோன்சம் டவ்’. 1989 பிப்ரவரி 5 முதல் 8 வரை, நான்கு இரவுகள், சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. விளம்பரங்களோடு 8 மணி நேரம்; அவற்றை நீக்கினால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். டெக்ஸஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு புழுதி ஊரிலிருந்து கனடா எல்லையை ஒட்டிய மொன்டானா வரை மாட்டு மந்தை ஒன்றை ஓட்டிச் செல்லும் கதை அது. ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், இந்த மாநிலத்து மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதைப் பார் என்று உடன் பணிபுரிந்த ஒருவர் சொன்னார். எனக்குத் தெரிந்த டெக்ஸஸ் அதுவரை லயன் காமிக்ஸில் வந்த டெக்ஸ் வில்லரின் டெக்ஸஸ்தான். ரேஞ்சர் என்ற மாநிலக் காவல் படைவீரர் என்றால் குறி தப்பாதவர், மஞ்சள் சட்டைக்காரர், எந்தப் பள்ளத்தாக்கிலும் கடைசிப் பக்கத்துக்குள் நியாயத்தை நிலைநாட்டிவிடுபவர். அதே எதிர்பார்ப்போடு உட்கார்ந்த எனக்கு, ரேஞ்சர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் திண்ணையில் அமர்ந்து குடத்திலிருந்து விஸ்கி குடிப்பதையும், இரண்டு பன்றிகள் வாசலில் திரிவதையும் பார்ப்பது ஏமாற்றமாகவே இருந்தது. முதல் பகுதியின் பெரும்பாலான நேரத்தில் யாரும் எங்கும் புறப்படுவதில்லை. ஆனால் அந்தத் தாமதம் வீண் இல்லை என்பது நான்காம் இரவில் புரிந்தது. ஒரு திண்ணையை நமக்குப் பழக்கப்படுத்திவிட்டால்தான் அதைவிட்டுப் போவது இழப்பாகத் தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகஸ்டஸ் மெக்ரே, வுட்ரோ கால் என்ற இரு முன்னாள் டெக்ஸஸ் ரேஞ்சர்கள் லோன்சம் டவ் என்ற ஊரில் ‘ஹாட் கிரீக்’ என்ற பெயரில் ஒரு கால்நடை நிறுவனம் நடத்துகிறார்கள். அகஸ்டஸை எல்லோரும் கஸ் என்றே அழைக்கிறார்கள். கஸ் வாய் ஓயாதவர், வேலைக்கு வணங்காதவர். வுட்ரோ நேர்மாறு. பழைய தோழன் ஜேக் ஸ்பூன், ஆர்கன்ஸாவில் தவறுதலாக ஒருவரைச் சுட்டுவிட்டு ஓடிவந்தவன், மொன்டானாவின் புல்வெளிகளைப் பற்றி வர்ணிக்கிறான். வுட்ரோவுக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஆற்றைக் கடந்து மெக்ஸிகோவுக்குள் இரவில் புகுந்து, குதிரைகளையும் மாடுகளையும் கவர்ந்து வருகிறார்கள். நம் இலக்கணத்தில் வெட்சி என்பார்களே, அதேதான். பூச்சூடுவது ஒன்றுதான் குறை. எதற்காக இத்தனை தொலைவு என்று கேட்டால் வுட்ரோவிடம் சரியான பதில் இல்லை. கடைசி வரை அந்தப் பதில் வருவதே இல்லை.

நான்கு பகுதிகளுள் கடைசிப் பகுதியின் தலைப்பு ‘திரும்புதல்’ என்ற பொருள் தருவது. மொன்டானாவில் அம்பு தைத்துக் கால் அழுகி கஸ் இறந்துபோக, அவர் கேட்டுக்கொண்டபடி உடலை டெக்ஸஸுக்கே கொண்டுபோய்ப் புதைக்கிறார் வுட்ரோ. மாடுகளோடு வந்த வழியை ஒரு பிணத்தோடு திரும்பிக் கடக்கிறார். மந்தைப் பயணம் என்ற பெயரில் நாம் பார்த்ததெல்லாம் இந்தத் திரும்பும் பயணத்துக்கான ஆயத்தம்தான் என்று எனக்கு இரண்டாம் முறை பார்த்தபோது தோன்றியது. பின்னர் டெக்ஸஸ் வரலாற்றைப் படித்தபோது அது வெறும் தோற்றம் இல்லை என்பதும் தெரிந்தது. இந்தக் கதையின் மிகப் பழைய பகுதி அந்தப் பிணம்தான். மற்றவையெல்லாம் அதைச் சுற்றிப் பின்னால் வளர்ந்தவை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்ஸஸில் நீண்ட கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் பெருகிக் கிடந்தன. வாங்குவதற்கு ஆள் இல்லை. உள்ளூரில் 4 டாலருக்கும் விலைபோகாத மாடு வடக்கே 40 டாலர் வரை போகும் என்று சொல்லப்பட்டது. இடையில் இருந்தது தொலைவு மட்டும்தான். வடக்குச் சந்தைகளோடு இணைக்கும் ரயில் பாதை டெக்ஸஸை இன்னும் எட்டியிருக்கவில்லை. எனவே மாடுகள் நடந்தாக வேண்டும். 1866இல் சார்லஸ் குட்நைட் என்ற இளைஞரும், அவரைவிட ஏறக்குறைய கால் நூற்றாண்டு மூத்தவரான ஆலிவர் லவிங்கும் கூட்டுச் சேர்ந்து, நியூ மெக்ஸிகோவில் இருந்த ஃபோர்ட் சம்னர் ராணுவ முகாமுக்கு ஒரு மந்தையை ஓட்டிச் சென்றார்கள். பழைய ராணுவ வண்டி ஒன்றைப் பிரித்து, பின்புறம் இழுப்பறைகளும் மடக்குப் பலகையும் பொருத்தி, மந்தைக்காரர்களுக்கான சமையல் வண்டியை குட்நைட் உருவாக்கியதும் அந்தப் பயணத்துக்காகத்தான்.

அடுத்த ஆண்டுப் பயணத்தில் லவிங், ஒற்றைக் கை பில் வில்சன் என்று அழைக்கப்பட்டவரோடு மந்தைக்கு முன்னால் சென்றார். பீக்கஸ் ஆற்றங்கரையில் கோமாஞ்சிப் பழங்குடியினர் தாக்கினார்கள். லவிங்குக்கு மணிக்கட்டிலும் விலாவிலும் காயம். வில்சன் இரவில் ஆற்றில் இறங்கி நழுவிச் சென்று, ஏறக்குறைய உடையே இல்லாமல், வெறுங்காலோடு நாள்கணக்கில் நடந்து மந்தையை அடைந்தார். லவிங் ஒருவழியாக ஃபோர்ட் சம்னருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் கை அழுகி 1867 செப்டம்பர் 25 அன்று இறந்தார். தன்னை அந்நிய மண்ணில் விட்டுவிடக் கூடாது என்று குட்நைட்டிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அங்கேயே புதைத்தார்கள். மந்தையைக் கொலராடோவுக்குக் கொண்டுபோய் விற்று முடித்த பின்னர் உடலைத் தோண்டி எடுத்தார்கள். எண்ணெய் டின்களைத் தட்டித் தகடாக்கி ஒரு பெரிய தகரப் பெட்டி செய்து, அதற்குள் மரப்பெட்டியை வைத்து, இடைவெளியில் மரக்கரியை நிரப்பி, கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் ஏற்றி டெக்ஸஸுக்குக் கொண்டுவந்தார்கள். 1868 மார்ச் 4 அன்று வெதர்ஃபோர்ட் நகரில் லவிங் அடக்கம் செய்யப்பட்டார். வில்சன் நடந்த நடை கதையில் பீ ஐ என்ற பாத்திரத்துக்குப் போயிற்று. லவிங்கின் கை கஸ்ஸின் கால் ஆயிற்று. தகரப் பெட்டியை நினைத்துக்கொண்டுதான் அந்த ஏழாவது தளத்தில் நான் நின்றிருந்தேன்.

இதைக் கதையாக்கியவர் லாரி மெக்மர்ட்ரி. வடக்கு டெக்ஸஸில் மாடு வளர்த்த குடும்பத்தின் பிள்ளை. மாடுகளை விட்டுப் புத்தகங்களிடம் ஓடியவர். 1970களின் தொடக்கத்தில் இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச்சோடு சேர்ந்து அவர் இதை ஒரு திரைக்கதையாகத்தான் முதலில் எழுதினார். வுட்ரோவாக ஜான் வெயின், கஸ்ஸாக ஜேம்ஸ் ஸ்டுவர்ட், ஜேக் ஸ்பூனாக ஹென்றி ஃபோண்டா என்பது திட்டம். வெயின் மறுத்துவிட்டார். கௌபாய் வேடத்தில் ஒரு தலைமுறையின் வீரனாகவே மாறிப்போயிருந்த ஒருவர், வயதாகி, நோக்கமற்ற பயணம் ஒன்றில் தோழர்களைப் பறிகொடுக்கும் வேடத்தை விரும்பாததில் வியப்பில்லை. படம் நின்றுபோனது. பல ஆண்டுகளுக்குப் பின் மெக்மர்ட்ரி அந்தத் திரைக்கதையின் உரிமையை 35,000 டாலருக்குத் திரும்ப வாங்கி, நாவலாக எழுதத் தொடங்கினார். தலைப்பு கிடைக்காமல் இருந்தபோது, லோன்சம் டவ் என்ற பெயர் எழுதிய ஒரு தேவாலயப் பேருந்து சாலையோரத்தில் அவர் கண்ணில் பட்டது. ‘தனித்த புறா’ என்று பொருள்படும் அந்தப் பெயர் ஊரின் பெயராயிற்று. புத்தகத்தின் பெயரும் ஆயிற்று. 1985இல் 843 பக்கங்களோடு வெளிவந்த நாவலுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

பரிசுக்கு முன்பே, கையெழுத்துப் படியாக இருந்தபோதே, அதைப் படித்துத் திரை உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியவர் சூசன் டி பாஸ். நியூயார்க்கின் ஹார்லமைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி. பாடல்களுக்குப் பேர்போன மோடவுன் நிறுவனத்தின் படத் தயாரிப்புப் பிரிவை அவர் நடத்திவந்தார். அந்தக் கால ஹாலிவுட் கணக்குப்படி கௌபாய் படம் செத்துப்போன சரக்கு. பல இரவுகள் ஓடும் குறுந்தொடரும் அப்படியே. இரண்டு செத்த குதிரைகளில் ஒரே நேரத்தில் ஏறியவர் அவர்.

இன்று டெக்ஸஸ்காரர்கள் தங்கள் குலக்கதைபோல் கொண்டாடும் இந்தத் தொடரை உருவாக்கியவர்களில் எத்தனை பேர் வெளியூர்க்காரர்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இயக்குநர் சைமன் வின்சர் ஆஸ்திரேலியர். பந்தயக் குதிரை ஒன்றைப் பற்றியும் முதல் உலகப் போரின் குதிரைப் படையைப் பற்றியும் படமெடுத்தவர் என்பதால் குதிரைகளைப் படம்பிடிக்கத் தெரிந்தவர். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் மில்சம் ஆங்கிலேயர். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கிடம் பணியாற்றியவர். இசையமைத்த பேசில் பொலிடூரிஸ் கிரேக்க வம்சாவளியினர். மண்ணின் மைந்தர் என்று சொல்லத் தக்கவர் திரைக்கதை எழுதித் தயாரிப்பிலும் பங்கேற்ற பில் விட்லிஃப். அவர்தான் பின்னாளில் தன் சேகரிப்பையெல்லாம் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவர். அந்தத் தளத்துக்கே அவர் பெயர்தான். படப்பிடிப்பு முழுவதும் கையில் கேமராவோடு திரிந்து அவர் எடுத்த புகைப்படங்கள் 2007இல் புத்தகமாகவும் வந்தன. தொடரின் காட்சிகளைவிட அந்தப் படங்களில் சில எனக்குப் பிடிக்கும். தூசுக்குள் தொப்பி மட்டும் தெரியும் முகங்கள் அவற்றில் உண்டு.

விட்லிஃப் செய்த பெரிய காரியம், அவர் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. 843 பக்க நாவலை 6 மணி நேரத்துக்குள் அடக்குபவருக்கு முதலில் வெட்டத் தோன்றுவது மூன்றைத்தான்: புறப்படாமல் கிடக்கும் ஆரம்பம், ஆர்கன்ஸாவில் தனியாக ஓடும் கிளைக்கதை, நாயகன் இறந்த பின்னர் நீளும் திரும்பும் பயணம். இந்த மூன்றையும் அவர் காப்பாற்றினார். நாவலின் உரையாடல்களையும் முடிந்தவரை அப்படியே வைத்தார். தொலைக்காட்சிக்கு எழுதுபவர்களிடம் அபூர்வமாகக் காணப்படும் அடக்கம் அது.

நடிகர்கள் தேர்விலும் ஒரு திருப்பம் உண்டு. ராபர்ட் டுவாலை வுட்ரோ வேடத்துக்குத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். இறுக்கமான, வாய்திறக்காத மனிதர்களை அவர் ஏற்கெனவே பலமுறை செய்திருந்தார். எனக்கு கஸ்தான் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கினார். கஸ்ஸின் கையசைவுகளுக்கு, டெக்ஸஸின் பழைய அமெரிக்கக் கால்பந்து வீரர் சாமி பா என்பவரைப் போய்ச் சந்தித்து, அவர் பேசும்போது கைகள் போகும் விதத்தைக் கவனித்து எடுத்துக்கொண்டதாக டுவால் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கஸ்ஸின் பேச்சில் பாதி கையில் இருப்பது தெரியும். வுட்ரோவாக வந்த டாமி லீ ஜோன்ஸ் டெக்ஸஸின் சான் சபாவில் பிறந்தவர். படப்பிடிப்பின்போது அவருக்கு 41 வயது, டுவாலுக்கு 57. ஒரே தலைமுறைத் தோழர்களாக இருவரும் நிற்க வேண்டும். வெண்தாடி ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் ஜோன்ஸ் நடையையும் கழுத்தின் விறைப்பையும் முதுமைக்குக் கொண்டுவந்திருக்கிறார். குதிரையிலிருந்து இறங்கும்போது ஒரு கணம் தாமதிக்கிறார். அந்தத் தாமதத்தில் 15 ஆண்டுகள் கூடிவிடுகின்றன.

படப்பிடிப்பு டெக்ஸஸிலும் நியூ மெக்ஸிகோவிலும் நடந்தது. டெல் ரியோ அருகே ஒரு பண்ணையில் லோன்சம் டவ் ஊரைக் கட்டி எழுப்பினார்கள். மொன்டானாவாக நாம் பார்ப்பது நியூ மெக்ஸிகோவின் மலைகள். பிராக்கட்வில் அருகே உள்ள அலமோ வில்லேஜ் என்ற நிரந்தர அரங்கிலும் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. அந்த அரங்கு 1960இல் வெளிவந்த, ஜான் வெயின் தானே இயக்கி நடித்த ஒரு படத்துக்காகக் கட்டப்பட்டது. வேண்டாம் என்று அவர் ஒதுக்கிய கதை அவர் எழுப்பிய தெருவுக்கே வந்து சேர்ந்தது. இதில் நான் பெரிய தத்துவம் எதையும் காணவில்லை. டெக்ஸஸில் பழைய ஊர் அரங்குகள் அதிகம் இல்லை என்பதே காரணமாக இருக்கும்.

மந்தைப் பயணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வகைப் படங்களில் மாடு என்பது பெரும்பாலும் பின்னணி. துப்பாக்கி வரும்வரை திரையை நிரப்புவதற்கான பொருள். இங்கே மந்தை ஓட்டுவது ஒரு தொழிலாகத் தெரிகிறது. வரலாற்றில் 2,000, 3,000 மாடுகள் கொண்ட மந்தைக்கு ஒரு டஜன் ஆட்களே போதுமானவர்களாக இருந்தார்கள். மாதச் சம்பளம் 30, 40 டாலர். நாளொன்றுக்கு 10 முதல் 15 மைல்தான் நடத்துவார்கள். அதற்குமேல் விரட்டினால் மாடு இளைக்கும், இளைத்தால் விலை போகாது. ஆகவே இது வேகத்தின் கதையாக இருக்கவே முடியாது, மேய்ச்சலின் வேகத்தில் நகர வேண்டிய கதை. அனுபவசாலிகள் மந்தையின் தலைப்பகுதியில் வழிகாட்டிச் செல்வார்கள். கடைசியில் சோர்ந்து பின்தங்கும் மாடுகளை முடுக்குவது கடைக்குட்டிகளின் வேலை. முன்னால் போகும் ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பும் புழுதி முழுவதும் அவர்கள் வாய்க்குள்தான் போகும். நியூட் என்ற சிறுவனுக்கு, தொடரில் அந்த இடம்தான் கிடைக்கிறது. முதல் நாளில் அவன் முகத்தில் கட்டியிருக்கும் துணியைப் பார்த்தாலே தொழிலின் ஏணிப்படி விளங்கிவிடும். இரவில் மாடுகள் மிரளாமல் இருக்க முறை வைத்துச் சுற்றிவந்து பாடுவார்கள். மிரண்டுவிட்டால் இடி இறங்கியதுபோல் மந்தை ஓடும். தடுக்கப் போனவன் தன் குதிரை எங்கே இடறும் என்று தெரியாத இருட்டில் உடன் ஓட வேண்டும்.

ஆறுகள்தான் இந்தப் பயணத்தின் மைல்கற்கள். முதல் பெரிய சாவும் ஆற்றில்தான் நிகழ்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து இரண்டு மாதமும் ஆகாத அண்ணன் தம்பி இருவரில் இளையவன் ஷான், ஆற்றைக் கடக்கும்போது நீர்ப்பாம்புகளின் கூட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் 30 ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சியைத்தான் முதலில் பேசுகிறார்கள். ரப்பர்ப் பாம்புகள் என்பது இன்றைய கண்ணுக்குத் தெரிந்தும் என்னால் அதை அமைதியாகப் பார்க்க முடியவில்லை. காரணம் பாம்பு இல்லை. அந்தப் பையனின் சாவுக்கு எந்த நியாயமும் இல்லை. அவன் யாருக்கும் எதிரி இல்லை. கதையின் போக்கில் அவன் சாக வேண்டிய தேவையும் இல்லை. புதைக்கிறார்கள், கஸ் நான்கு வார்த்தை பேசுகிறார், மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அதன்பின் யார் எப்போது என்ற நிச்சயம் நமக்கு இல்லாமல் போகிறது. ஜேக் ஸ்பூன் கொலைகாரர்களோடு சேர்ந்து ஊர்சுற்றியதற்காக அவன் நண்பர்களே அவனைத் தூக்கிலிட நேரும் காட்சி இதைவிடப் பெரிது. அதில் ராபர்ட் யூரிக் நடித்திருப்பதை வார்த்தையில் சொல்வது கடினம். எல்லை எங்கே இருந்தது, அதை எப்போது தாண்டினேன் என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

டீட்ஸின் சாவு வேறு மாதிரி. டானி குளோவர் நடித்த ஜாஷ் டீட்ஸ் கறுப்பினத்தவர், மந்தைக்கு வழி தேடித் தருபவர், அந்தக் கூட்டத்தில் தவறே செய்யாதவர். பசியில் வாடும் செவ்விந்தியக் கூட்டத்தின் பார்வையற்ற குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுக்கப் போகும்போது, அதைத் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் இளைஞனின் ஈட்டிக்கு இரையாகிறார். வுட்ரோ உட்கார்ந்து, ஒரு பலகையில் கத்தியால் செதுக்குகிறார்: 30 ஆண்டு என்னிடம் பணி. கோமாஞ்சி, கியோவாக்களோடு 21 மோதல். எந்த வானிலையிலும் முகம் வாடியதில்லை. எந்த வேலையையும் தட்டிக்கழித்ததில்லை. மேன்மையான நடத்தை.

இந்த வாசகமும் கற்பனை இல்லை. அடிமையாகப் பிறந்து, போருக்குப் பின் குட்நைட்டிடம் வேலைக்குச் சேர்ந்த போஸ் ஐகார்ட் 1929 ஜனவரியில் இறந்தபோது, அவருக்குக் கல் வைத்தவர் குட்நைட். நான்கு ஆண்டுகள் என்னோடு பணி, கடமையைத் தட்டிக்கழித்ததில்லை, உத்தரவை மீறியதில்லை, மந்தை மிரண்ட பல வேளைகளில் உடன் வந்தது, கோமாஞ்சிகளோடு மூன்று மோதல்கள், மேன்மையான நடத்தை என்று அந்தக் கல் சொல்கிறது. உயிரோடிருக்கும் வேறு எவரையும்விட ஐகார்ட்டை நம்பியதாகவும், வங்கிகள் இல்லாத வெளியில் தன் பணப்பெட்டியே அவர்தான் என்றும் குட்நைட் சொல்லியிருக்கிறார். அந்த நன்றி உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இரண்டு வாசகங்களையும் எழுதியவர் முதலாளி என்பதை மறக்க முடியவில்லை. அந்தக் கல்லை ஐகார்ட் எழுதியிருந்தால், ‘உத்தரவை மீறியதில்லை’ என்பதைத் தன் வாழ்க்கையின் சாரமாகச் சேர்த்திருப்பாரா? ஹாட் கிரீக் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் டீட்ஸின் பெயரும் ஓரத்தில் உண்டு. பங்கு மட்டும் இல்லை. தொடர் அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை. குளோவரின் முகம் ஓரிரு இடங்களில் எழுப்புகிறது.

குறை சொல்ல வேறு இடங்களும் உண்டு. புளூ டக் என்ற கொடியவனின் வேடத்தில், கோமாஞ்சி ரத்தம் கலந்தவனாக, ஒப்பனை பூசி வந்தவர் வெள்ளை நடிகரான ஃபிரடெரிக் ஃபாரஸ்ட். அன்றைய வழக்கம் என்று இதைக் கடந்து போகலாம்தான். ஆனால் இந்த மண்ணுக்கு உரியவர்களில் பேசுவதற்கு அதிக வாய்ப்புக் கிடைத்த ஒரே பாத்திரம் ஒரு அரக்கன் என்பது அதைவிடப் பெரிய பிழை. கோமாஞ்சிகளின் கடைசிக் குழுக்கள் 1875இல் ஃபோர்ட் சில்லில் சரணடைந்துவிட்டார்கள். கதை நடப்பது அதற்குச் சற்றுப் பின்னால். காட்டெருமைகள் அழிந்து எலும்புகளாகக் கிடக்கும் சமவெளியைத்தான் மந்தை கடக்கிறது. இந்த நாட்டைச் சுவையுள்ளதாக ஆக்கியவர்களையெல்லாம் நாமே கொன்று தீர்த்துவிட்டு வங்கிக்காரர்களுக்கு இடம்விட்டோம் என்ற பொருளில் கஸ் பேசுவதுண்டு. சான் அன்டோனியோ மதுக்கடையில், தங்களை அடையாளம் தெரியாத பணியாளனின் மூக்கை அவர் உடைத்துவிட்டு, சுவரில் தொங்கும் தங்கள் இளமைக்காலப் படத்தைக் காட்டுவதும் அந்தக் கசப்பிலிருந்து வருவதுதான். பார்வையாளர்கள் அந்த இடத்தில் கைதட்டிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

மெக்மர்ட்ரிக்கு இந்தச் சிரிப்புத்தான் சங்கடம். அமெரிக்க மேற்கைப் பற்றிய பொற்காலக் கனவைக் கலைப்பதற்காகத்தான் அவர் எழுதினார். துரோகமும் வன்முறையும் நிறைந்த ஏழையின் நரகம் ஒன்றைக் கட்ட நினைத்ததாகவும், மக்கள் அதை மேற்கின் பெருங்காதல் காவியமாக எடுத்துக்கொண்டதாகவும் பின்னாளில் அலுத்துக்கொண்டார். இதில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. புத்தகத்தின் பக்கங்களில் இருக்கும்போது வுட்ரோ, பெற்ற மகன் நியூட்டை மகன் என்று சொல்லத் துணியாத கோழை. திரையில் அவருக்கு டாமி லீ ஜோன்ஸின் கண்கள் கிடைத்துவிடுகின்றன. சாயும் வெயிலில் மந்தை ஆற்றில் இறங்குகிறது. பொலிடூரிஸின் இசை எழுகிறது. அந்த நேரத்தில் நம் கண்டனம் காணாமல் போகிறது. ஏறத்தாழ 2.6 கோடி வீடுகளில் பார்க்கப்பட்டு, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு 18 பரிந்துரைகளும் அவற்றில் 7 விருதுகளும் பெற்ற ஒரு தொடர் அழகாக இருந்தது என்று குறைபடுவது விந்தைதான். ஆனால் அந்த அழகு ஒரு விலை கொடுத்து வாங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருந்தாலும் நான் மெக்மர்ட்ரியோடு முழுக்க உடன்படவில்லை, அதற்குக் காரணம் நான்காம் இரவு. மொன்டானாவை அடைகிறார்கள். புல் இடுப்புயரம் நிற்கிறது, ஆறு ஓடுகிறது, சொல்லப்பட்ட சொர்க்கம் சொன்னபடியே இருக்கிறது. வுட்ரோவுக்கு அங்கே எதுவும் செய்யத் தோன்றவில்லை. நியூட்டுக்குத் தன் குதிரையைக் கொடுக்கிறார், துப்பாக்கியைக் கொடுக்கிறார், தன் தந்தையின் கடிகாரத்தையும் கொடுக்கிறார். மகன் என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. அந்தக் காட்சியில் இசை இல்லாத இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பிறகு உடலை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்புகிறார். நெப்ராஸ்காவில் கிளாராவின் வீடு வருகிறது. கஸ் வாழ்நாளெல்லாம் நேசித்த பெண். ஆஞ்சலிகா ஹூஸ்டன் நடித்திருக்கிறார். இங்கேயே புதைத்துவிடுங்கள் என்கிறாள். வுட்ரோ, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கெடுத்துக்கொண்டது போதாதென்று உங்களைச் சுற்றியிருந்தவர்களையும் கெடுத்தீர்கள் என்ற பொருளில் கிளாரா சொல்வதற்கு அவரிடம் பதில் இல்லை. பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க முடியாத ஒரு சொல்லும், செத்தவனுக்குக் கொடுத்துக் காப்பாற்றியே தீரும் ஒரு சொல்லும் அந்த மனிதரிடம் ஒன்றாக இருக்கின்றன. மெக்மர்ட்ரி தேடிய நரகம் அந்த வாசலில் இருக்கிறது. விட்லிஃப் அதை வெட்டாமல் விட்டதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கஸ்ஸைப் புதைத்துவிட்டு வுட்ரோ லோன்சம் டவ்வுக்கு வரும்போது, ஊர் ஏறக்குறைய காலியாகக் கிடக்கிறது. ஒரு செய்தியாளர் பின்னாலேயே வந்து, நீங்கள் தொலைநோக்கு உள்ளவர் என்கிறார்களே என்று கேட்கிறார். ஆம், என்னவொரு தொலைநோக்கு என்று சொல்லிவிட்டு வுட்ரோ நடந்துபோகிறார். கண் கலங்கியிருக்கிறது. இறந்தவர்களின் முகங்கள் அவருக்குள் வந்துபோகின்றன.

சான் மார்கோஸுக்குப் போய்வந்த சில மாதங்களில், ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே இருக்கும் வெதர்ஃபோர்டுக்கும் போனேன். கிரீன்வுட் மயானத்தில் லவிங்கின் கல்லறை இருக்கிறது. அதே மயானத்தில் போஸ் ஐகார்ட்டின் கல்லும் இருக்கிறது. குட்நைட் அங்கே இல்லை. ஐகார்ட் இறந்த அதே 1929இல், டிசம்பரில், 93 வயதில் இறந்த அவர், வடக்கே நெடுந்தொலைவில், பான்ஹாண்டில் சமவெளியில், தன் பெயரையே தாங்கிய ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறார். ஐகார்ட்டின் கல்லில் இருந்த வாசகத்தை நின்று முழுவதும் படித்தேன். கடைசி வரியைத் தொடரில் பார்த்ததுபோலவே கையால் தடவிப் பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் யாரோ புல்வெட்டிக்கொண்டிருந்தார்கள், எனவே தடவவில்லை.